பதினான்காவது வளைவு

நாகலூரில் ஏறியபோது இருட்டு.
கோரிமேட்டில் இறங்கும்போது மணி பத்தே கால்.
வேலைவாய்ப்பு அலுவலகத்தின் மூன்றாம் மேசையில்
மனோன்மணி மேடம் என் அட்டையைத்
திருப்பித் திருப்பிப் பார்த்தார்,
பின்பக்கம் எதையோ ஒளித்து வைத்திருக்கிறேன் என்பது போல.

"திலகவதி. வெள்ளையன் மகள். பன்னிரண்டாம் வகுப்பு.
உதவித்தொகை நிறுத்தம்.
முப்பதாம் தேதிக்குள் உறுதிமொழிப் படிவம் வரலை."

மாதம் நானூறு.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேர்ந்து வரும்.
வந்த அன்றே மளிகைக் கடைப் பாக்கி,
அப்பாவின் சர்க்கரை மாத்திரை,
மிச்சம் இருந்தால்
தேர்வெழுதச் சேலம் போய்வரும் காசு.

படிவத்தில் எனக்கென்று இருப்பது ஒரே வரி:
நான் எந்த வேலையிலும் இல்லை.
அதற்கு விஏஓ கையெழுத்து, ஆர்ஐ முத்திரை.
விஏஓவுக்கு மூன்று ஊர்.
செவ்வாய் இங்கே என்பார்,
செவ்வாயன்று அங்கே இருப்பார்.
இருக்கிறது என்று காட்ட ஒரு ரசீது போதும்.
இல்லை என்று காட்ட
இரண்டு அதிகாரிகள் வேண்டும்.

இருபத்தொன்பதாம் தேதி சாயங்காலம் முத்திரை விழுந்தது.
ராத்திரி மழை விழுந்தது.
விடியும் வரை சில்வர் ஓக் மரங்கள்
ஒவ்வொன்றாய்ச் சாயும் சத்தம்.

காலையில் பஸ் இல்லை.
படிவத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு
வயிற்றோடு சேர்த்துத் துப்பட்டாவால் கட்டிக்கொண்டு
ஏற்காட்டைத் தாண்டி நடந்தேன்.
இருபது, பத்தொன்பது, பதினெட்டு
என்று வளைவுகள் இறங்கின.
பதினான்கில் சாலை இல்லை.
சாலை இருந்த இடத்தில் ஒரு பாறை,
சொந்த வீட்டில் உட்கார்ந்திருப்பது போல.

மழைக்கோட்டுப் போலீஸ்காரர் கையை நீட்டினார்.
"எங்கம்மா போற?"
"கோரிமேடு. இன்னிக்குத்தான் கடைசி நாள்."
"திரும்பிப் போயிரு தாயி.
உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா என் வேலை போயிரும்."

அவர் வேலையைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டுத்
திரும்பி ஏறினேன்.

"ஒரு நாள் முன்னாடியே வந்திருக்கலாமே?"
"ஒரு நாள் முன்னாடிதான் மேடம் முத்திரையே."
"ரோடு மூடினதுக்கு ஆதாரம்?"

அவர் தலைக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருந்தது.
மலைப்பாதையில் போக்குவரத்துக்குத் தடை,
மறு அறிவிப்பு வரும் வரை.
கீழே மாவட்ட ஆட்சியர் கையெழுத்து.
விரலால் காட்டினேன்.
திரும்பினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி படித்தார்.

"இது வாகனத்துக்கு.
நடக்கக் கூடாதுன்னு எங்க போட்டிருக்கு?"

கேலியாகச் சொல்லவில்லை.
அதுதான் பயமாக இருந்தது.

பிறகு என் விரல்களைப் பார்த்துக் கேட்டார்:
"காப்பிப் பழம் பறிக்கப் போனியா?"
"நாலு நாள்."
பொய் சொல்லியிருக்கலாம்.
நகத்து இடுக்கில் கறை இருந்தது.
பேனா காகிதத்துக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது.
மின்விசிறி இரண்டு சுற்று சுற்றியது.
"நான் கேக்கல, நீ சொல்லல" என்றார்,
குரலை இறக்கி.
"திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு கொடு."

திங்கட்கிழமை என்றால்
இன்னொரு பஸ். இன்னொரு இருட்டு.
எஸ்டேட்டில் அன்றைய கூலி இல்லை.
அந்தக் கூலி வாங்கினால்
படிவத்து வரி பொய்.

திரும்பும் பஸ் மணல் மூட்டைகளுக்கு முன்னால் நின்றது.
கண்டக்டர் தகரத்தைத் தட்டினார்:
"எல்லாரும் இறங்கி நடங்க, பாரம் தாங்காது."
காலி பஸ் பெருமூச்சு விட்டபடி
முன்னே ஊர்ந்தது.
கைக்குழந்தைக்காரி, செருப்பு அறுந்த ஒருவர், நான்
ஓரமாக நடந்தோம்.
யாரும் தடுக்கவில்லை.

பாறையை உருட்டிப் பக்கத்தில் விட்டிருந்தார்கள்.
சுண்ணாம்பு அடித்து
கறுப்பு மையில் எண் போட்டிருந்தது.
வந்து பத்து நாள்கூட ஆகவில்லை,
அதற்குப் பதிவு முடிந்துவிட்டது.

மறுபடி ஏறினால்
என் இடத்தில் யாருடையதோ அரிசிச் சிப்பம்.
தூக்கி மடியில் வைத்துக்கொண்டு
உட்கார்ந்தேன்.
இன்னும் ஆறு வளைவு.