பங்குனி, மூன்றாம் வலை

ஐந்தே முக்காலுக்கு வலை குலுங்கியது.
கழிஞ்சமலைக்குப் பின்னால் சாம்பல் வெளிச்சம்.
மொக்கச்சாமி ஓடுகிறார் ஒற்றைச் செருப்போடு;
மற்றது வாய்க்கால் சேற்றில்.

பூனைப்பருந்து. பெட்டை.
கண்ணில் மஞ்சள் இன்னும் ஏறவில்லை,
போன வருஷத்துக் குஞ்சு.
முதலில் காலைப் பிடி என்று
எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்,
என் கட்டைவிரலில்தான் நகம் இறங்கியது.

தலைக்குத் துணியுறை போட்டதும்
பொழுது சாய்ந்துவிட்டதென்று நம்பி அடங்கியது.
பிஸ்கட் டப்பாவில் தலைகீழாய் நுழைத்துத்
தராசில் வைத்தால் முன்னூற்று எழுபத்தெட்டு கிராம்.
"அரைக்கிலோ தக்காளி தேறாது,
இதுவா கசகஸ்தான் போகுது?"
வனக்காவலர் இன்னொரு தடவை தராசைத் தட்டிப் பார்த்தார்.

வளையம் இறுகினால் புண்.
தளர்ந்தால் பின்விரல் மாட்டிக்கொள்ளும்.
குறட்டை அழுத்தும்போது
நாங்கள் மூன்று பேரும் மூச்சு விடவில்லை,
அது மட்டும் விட்டது.
கடைசி எண் ஒன்றா, ஏழா?
கண்ணாடியைத் துடைத்து மறுபடி வாசித்தேன். ஏழு.

இறக்கை அளக்கையில் இடுக்கில் ஊர்ந்தது
தட்டையாய் ஓர் ஈ.
அதற்கு எண் இல்லை, அனுமதிக் கடிதம் இல்லை.
அதுவும் போகும்.

வடக்கே பறக்குமென்று
செல்போனை நீட்டி எல்லாரும் வடக்கே நிற்க,
கை விரித்ததும் தெற்கே போய்
பக்கத்துச் சோளத்தட்டைக் காட்டில் இறங்கி
வளையத்தை ஒருமுறை கொத்திப் பார்த்தது.

பேரேட்டில் 'திசை' கட்டத்தில்
விரல் ரத்தம் சொட்டியிருந்தது. பேனா பிடிக்கவில்லை.
ஓரத்தில் எழுதினேன்:
தெற்கு, இப்போதைக்கு.