மஞ்சள் சீட்டு

எங்கள் ஊரில் ஆட்களைவிடப் பன்றிகள் அதிகம்.
காற்று திரும்பினால்
பிரசங்கத்தின் நடுவிலும் மூக்கைப் பொத்துவோம்.
அயோவாவின் வடமேற்கு மூலை;
டிசம்பரில் நாலரைக்கே இருட்டு.

தலைநகரில் சட்டம் போட்டார்கள்.
பள்ளி நூலகத்துப் புத்தகத்தில்
உடல்கூடும் வர்ணனை ஒரு வரி இருந்தாலும்
புத்தகம் வெளியே.
எது வர்ணனை, எது வெறும் சொல் என்று
சட்டத்துக்கே சரியாகத் தெரியவில்லை.
அதனால் மார்லிஸ் டைக்ஸ்ட்ரா,
இருபத்தாறு வருட நூலகர், முழங்கால் வலிக்காரி,
ஒன்பதாயிரம் புத்தகத்தையும் சந்தேகப்பட வேண்டியதாயிற்று.

"கதை படிக்க நேரமில்லை வெர்லின்,
அந்த இடத்தை மட்டும் தேடுகிறேன்" என்றாள்.
கண்ட இடத்திலெல்லாம் ஒரு மஞ்சள் சீட்டு.
பக்கம், வரி, யார் யாரை என்ன செய்தார்.
கணினியில் பட்டியல் நீண்டது.
பள்ளியிலேயே ஆபாசமான தாள் இப்போது அதுதான்.
தலைமையாசிரியர் அதைப் பூட்டி வைத்திருக்கிறார்.

புகார் கொடுத்தது ஜோலீன் ஹாஃப்ஸ்ட்ரா.
கெட்டவள் இல்லை. என் மனைவி சாகக் கிடந்தபோது
நாள் தவறாமல் சூப் கொண்டுவந்தவள்.
ஆறாம் வகுப்பு மகன் பையில் ஒரு படக்கதை;
பார்த்துவிட்டு அடுப்பை அணைக்க மறந்தாளாம்.
அந்தப் படக்கதையை நானும் பார்த்தேன்.
பதினொரு வயதுக்கு அது வேண்டாம்தான்.
மார்லிஸும் அப்படித்தான் சொன்னாள், மெதுவாக,
பக்கத்தில் யாரும் இல்லாதபோது.

நூற்றுப் பன்னிரண்டு புத்தகம், ஏழு பெட்டி,
லாரி வரும்வரை என் கொதிகலன் அறையில்.
நான் துப்புரவுக்காரன். படிக்கிறவன் இல்லை.
ஆனால் மஞ்சள் சீட்டு நீட்டிக்கொண்டிருந்தால்
எந்த மனுஷனும் அங்கேதான் திறப்பான்.
திறந்தேன்.

நூற்று நாற்பத்தொன்றாம் பக்கம்.
ஒரு சிறுமி. ஒரு சித்தப்பா.
நான் எதிர்பார்த்தது வேறு.
சாண்ட்விச்சை மூடி வைத்தேன்.
முந்தின பக்கம் போனேன்,
அதற்கும் முந்தினது,
கடைசியில் முதல் பக்கத்துக்கே போய்விட்டேன்.
அவளுக்கு ஒரு நொண்டி நாய் இருந்தது.
நாய்க்குச் சீட்டு ஏதும் இல்லை.

முடிக்க நாலு மதியம் ஆயிற்று.
நூற்று நாற்பத்துமூன்றில், ஓரத்தில், பென்சில்:
இது இதேதானா?
கேள்விக்குறியின் அடியில் புள்ளிக்குப் பதில்
ஒரு சின்ன வட்டம்.

இந்தப் பள்ளியில் எல்லார் கையெழுத்தும் எனக்குத் தெரியும்.
இருபத்திரண்டு வருடமாகக் கழிப்பறைச் சுவர் துடைக்கிறேன்.
அங்கே இல்லாத உறுப்பு இல்லை, இல்லாத வினை இல்லை;
அதற்கு எந்தக் குழுவும் கூடியதில்லை.
ஒரு வாளி, ஒரு புட்டி கரைப்பான், நான்.

பெண்கள் பக்கம், மூன்றாவது கதவு,
தாழ்ப்பாளுக்குக் கீழே,
உட்கார்ந்தால் மட்டும் தெரிகிற உயரத்தில்:
யாரிடம் சொல்வது?
அதே வட்டம்.
எந்த வருடம், நினைவில்லை.
அழுத்தித் தேய்த்தது நினைவிருக்கிறது.
பெயிண்டும் கொஞ்சம் உரிந்து வந்தது.

"இதை யார் எடுத்துப்போனது?" என்றேன் மார்லிஸிடம்.
"சொல்லக் கூடாது, அதற்கும் ஒரு சட்டம் இருக்கிறது."
கொஞ்சம் பொறுத்து,
"பதினொரு வாரம் வைத்திருந்தாள்.
அபராதம் போடவில்லை" என்றாள்.

வெள்ளிக்கிழமை லாரி வந்தது.
ஓட்டுநர் எண்ணினான்: நூற்றுப் பதினொன்று.
மார்லிஸ் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

பனி கொட்டத் தொடங்கியது.
பிள்ளைகள் போனபிறகு
பெண்கள் பக்கம் போனேன். மூன்றாவது கதவு.
குந்தி உட்கார்ந்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து,
ஒரு கோடாவது, அந்த வட்டமாவது
மிச்சம் இருக்கிறதா என்று தேடினேன்.

நல்ல கரைப்பான் அது.