நாற்பத்தொரு அலகு

நோர்வூட்டில் பாதை ஏறும், இல்லையென்றால் இறங்கும்.
இங்கே எந்தத் தெருவில் நடந்தாலும்
முடிவில் கடல் வந்து நிற்கிறது.
முதல் வாரம் வழி கேட்டேன்.
"கடல் பக்கமாப் போங்கோ" என்றார்கள்.
மூன்று பக்கமும் பார்த்துவிட்டு
மணிக்கூட்டுக் கோபுரத்துக்கே திரும்பினேன்.

நீர் வழங்கல் சபையில் மீற்றர் வாசிக்கும் வேலை.
ஆட்களுக்கு முன்னால் இலக்கங்கள் பழகின:
ஓர்ஸ் ஹில்லில் நாற்பத்தொரு அலகு, ஒரே ஒரு கிழவர்.
திருக்கடலூரில் பன்னிரண்டு பேர், ஒன்பது அலகு.
றசீனா உம்மா வீட்டு மீற்றர் மூடியின் மேல்
எப்போதும் மீன்கூடை.
"தூக்கிப் பாருங்க தம்பி, மணக்காது."
மணக்கும்.

வாடகை ஒப்பந்தத்தைச் சைக்கிள் கூடையில் விட்டுவிட்டுத்
தேநீர் குடித்து வருவதற்குள்
புள்ளிமான் ஒன்று இரண்டாம் பக்கத்தைத் தின்றுவிட்டது.
வீட்டுக்காரர் அந்தோனிமுத்து
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்:
"முற்பணம் திருப்பித் தாற பக்கம் அதுதான்."

இரவில் அலை இரைகிறது.
மழை என்று பதறி எழுந்து
கொடியில் கிடக்கும் சட்டையை எடுக்க ஓடுகிறேன்,
இன்றோடு நான்காவது தடவை.
வெளியே வானம் நிறைய நட்சத்திரம்.
சட்டை எப்போதோ காய்ந்துவிட்டது.
கழுத்துப் பட்டியைக் கடித்துப் பார்க்கிறேன்,
உப்பு.