வடக்குச் சுவர்

நகரிக்குத் தெற்கே, பொதட்டூர்பேட்டைக்கு வடக்கே,
இரண்டு மாநிலமும் 'அந்தப் பக்கம்' என்று சொல்லும் ஊர்.
முதல் நாள் ஐந்தாம் வகுப்பில் நின்று
ஒலி அளக்கும் கருவியைப் பிடித்தேன்.
எழுபத்தெட்டு.
வெளியே தெரு முழுக்க விசைத்தறி.
பெரிய ஆறு அமேசான் என்றார் சுதர்சனம் சார்.
'ஆமா சார்' என்று எழுதிக்கொண்டது
கடைசி பெஞ்சு.

அதனால்தான் வடக்குச் சுவரை இரட்டையாக வரைந்தேன்,
நடுவே ஒரு சாண் காற்று விட்டு.
சன்னல் எல்லாம் கிழக்கே, மூக்கு மலை பார்த்து;
காலை வெயிலை வடிகட்டச் சாய்ந்த பலகைகள்.
தெலுங்கு வகுப்புகள் இடம், தமிழ் வலம்,
சேர்ந்து ஓடி முட்டிக்கொள்ள நடுவில் அகலமான நடை.
கை கழுவும் தொட்டி மூன்று உயரங்களில்.
கூடம் ஒன்றுதான்.
மதியம் அதில் சோறு,
ஆறு மணிக்கு மேல் ஊர் நூலகம்,
ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவருக்குக் காதுகுத்து,
கூலி உயர்வுக் கூட்டம் எப்போது வேண்டுமானாலும்.
தெருக்கதவின் சாவி யாரிடம் இருப்பது?
அதற்கு மட்டும் நான்கு மாதம்,
பதினோரு கையெழுத்து.

கட்டி முடித்து அளந்தபோது ஐம்பத்திரண்டு.
அலுவலகத்தில் கேக் வெட்டினோம்.

மூன்றாம் மாதம் சுதர்சனம் சாரின் போன்:
மேடம், சுவரில் ஓட்டை.

போய்ப் பார்த்தேன்.
உடைக்கவில்லை, உருவியிருந்தார்கள்.
ஏழு செங்கல், ஓரம் சிதறாமல்,
வேப்பமரத்தடியில் அடுக்கி, மேலே ஒரு சாக்கு.
திருடன் இத்தனை மரியாதை வைக்க மாட்டான்.
'நான்தான்' என்றார் செங்கல்வராயன்,
அந்தச் சுவரைக் கட்டிய கொத்தனார்.
'கட்டினவனுக்குத்தானே மேடம் வலிக்காம எடுக்கத் தெரியும்.'

கேட்டது முனிலட்சுமி.
எதிர் வீட்டில் நான்கு தறி ஓட்டுகிறவள்.
அவள் மகன் மோனிஷ் புதுப் பள்ளியில்
இரண்டு மணிக்கு மேல் அழுகிறான்.
எதற்கு என்று நான் கேட்டேன்.
என்னை ஒன்றும் தெரியாதவளைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.
'நாப்பது தறியில
எங்கம்மா தறி தனி.
அது நின்னா நூல் அறுந்துச்சு.
திரும்ப ஓடுனா முடிச்சு போட்டாச்சு.
ரொம்ப நேரம் நின்னா
ஏதோ ஆயிடுச்சு.'

இரைச்சல் என்று கோப்பில் எழுதியிருந்தேன்.
எழுபத்தெட்டில் எத்தனை அவன் அம்மா என்று
கருவி பிரித்துச் சொல்லவில்லை.

முனிலட்சுமி சேலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டியபடி சொன்னாள்:
எங்களுக்கும்தான்.
பதினாறாம் வாய்ப்பாடு வந்தா மணி பதினொண்ணு.
இப்ப மணியே தெரியல.

கூடத்துத் தரையில் தாளை விரித்தேன்.
எந்த உயரம்?
மோனிஷை நிற்கவைத்து
அவன் காதுக்கு நேரே பென்சிலால் கோடு போட்டார் செங்கல்வராயன்.
இரண்டு சுவரையும் துளைத்துக் குழாய்,
ஏழு இடத்தில், தெருப்பக்கம் சற்றுத் தாழ்வாக,
மழை உள்ளே வராமல்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு மரமூடி, தேர்வு நாளுக்கு.
இப்போது ஐம்பத்தொன்பது.
கோப்பில் ஐம்பத்திரண்டு என்றே இருக்கிறது.
திருத்தவில்லை.

போன வாரம் போனபோது மின்வெட்டு.
நாற்பது தறியும் ஒரே மூச்சில் நின்றன.
வகுப்பில் அத்தனை தலையும் நிமிர்ந்தது,
பிறகு, எல்லாருக்கும்தான் என்று தெரிந்து குனிந்தது.
சுதர்சனம் சார் மறுபடி
ஆறுகளுக்கு வந்திருந்தார். அமேசான் என்றார்,
இந்த முறை கத்தாமல்.

மூன்றாவது குழாயிலிருந்து
ஒரு பெண் குரல்:
'எங்க சார் இருக்குது அது?
கொசஸ்தலைக்கு அந்தாண்டையா?'