லெட்

பக்கத்துக்கு நூற்றைம்பது ரூபாய்.
பாளையங்கோட்டை கோர்ட்டில்
இங்கிலீஷைத் தமிழாக்கிக் கையெழுத்துப் போடுவது
என் பிழைப்பு.

பிசானம் பால்பிடிக்கிற நேரத்தில் வந்தது
புங்கடி மடை வழக்கு.
கட்டின் நடுவே
கும்பினித் துரை ஒருவன் எழுதிய ஒற்றைத் தாள்,
தொட்டால் அப்பளம்.
அதில் ஒரு வரி:
மேலூரார் தண்ணீரை லெட் செய்யலாகாது.

'விடக்கூடாதுன்னுதான போட்டிருக்கு?'
மேலூர் சொரிமுத்து கேட்டார்,
மேஜையில் ஒரு பன்னீர் சோடாவை வைத்தபடி.
கீழூர் உலகம்மாள் எதுவும் வைக்கவில்லை.
வயல் வெடிப்பில் மாட்டிய கணுக்கால் வீங்கியிருக்க
கதவோரம் சுவரைப் பிடித்து நின்றாள்.

அகராதியை எடுத்தேன்.
அனுமதி என்றது முதலில்.
அப்புறம் வாடகைக்கு விடு;
பெருமாள்புரத்துக் கேட்டுகளில் தொங்குகிற அதே லெட்.
கடைசியில், ஈர் அளவு எழுத்தில்,
வழக்கொழிந்தது என்ற முத்திரையோடு
தடு. மறி. குறுக்கே நில்.

ஆதியில் இரண்டு சொற்களாம்.
வாயில் தேய்ந்து தேய்ந்து ஒன்றாயினவாம்.
சீவலப்பேரியில் சிற்றாறு கலந்த பிறகு
குடத்தில் இருப்பது எந்த ஆறு என்று
யாரிடம் கேட்க?

'செத்த அர்த்தத்த வச்சு
நான் எப்படிம்மா வாதாட?' என்றார்
உலகம்மாளின் வக்கீல் ஞானசிகாமணி.
எனக்கும் தெரியவில்லை.

சாயங்காலம் பஸ் வரவில்லை.
கிளப் வேலிக்கு அந்தப் பக்கம்
அரைக்கால்சட்டையில் எங்கள் ஜட்ஜையா
சர்வீஸ் போட்டார்.
பந்து வலையின் நாடாவை உரசி,
யோசித்து, அப்பால் விழுந்தது.
'லெட்!' என்று அவரே கத்தினார்.
வலை மறித்துவிட்டது, மறுபடி போடு.
செத்த அர்த்தம்
கேன்வாஸ் ஷூ போட்டு ஓடிக்கொண்டிருந்தது.

ராத்திரியே எழுதிவிட்டேன்:
மேலூரார் தண்ணீரை மறிக்கலாகாது.
அடிக்குறிப்பு ஏழு வரி.
அதற்குக் காசு கிடையாது.

தீர்ப்பு இன்னும் வரவில்லை. வாய்தாவுக்கு மேல் வாய்தா.
வராந்தாவில் உலகம்மாள் கேட்டாள்:
'அப்பம் தண்ணி எப்ப விடுவாவ?'
எதிரே சொரிமுத்து தன் வக்கீலின் தோளில் தட்டி
'சவத்த விடும்வே, அப்பீல் இருக்குல்லா'
என்று படியிறங்கினார்.

விடும்வே.
என்றோ ஒருநாள்
இதை இங்கிலீஷாக்க உட்காருகிறவர்
அவர் எதை விட்டதாக எழுதுவார்?

அந்தச் சோடா இன்னும் மேஜையில்தான் இருக்கிறது.
உள்ளே ஒரே ஒரு குமிழி,
மேலே வருவதா வேண்டாமா என்று.