முக்காலி

தவமணி யாரென்று
வெள்ளிவிழா மலரில் இல்லை.
ஐகோர்ட்துரை அண்ணாச்சி
ரங்கநாதன் தெருவில் பத்துக்குப் பன்னிரண்டு கடையை
வாடகைக்குப் பிடித்தபோது
அந்தப் பலகை ஏற்கெனவே வாசலில் தொங்கியது.
அழித்து எழுத அன்றைக்குக் காசில்லை.
மறுவருஷம் காசிருந்தது,
அதற்குள் ஊர் வாயில் ஏறிவிட்டது பேர்.

எவர்சில்வர் டம்ளரில் தொடங்கிய கடை.
டம்ளருக்கு மேல் சேலை ஏறியது,
சேலைக்கு மேல் பேன்ட் சட்டை,
அதற்கும் மேல் மிக்ஸி, கிரைண்டர், சூட்கேஸ்.
தன் தலைமேல் தானே ஏறி நின்றது கடை.
நாலாவது மாடிக்குப் பால் காய்ச்சிய வாரம்
நான் சேர்ந்தேன்,
லிஃப்டுக்கு ஆளாக.

எண்ணூறு பேர் வேலை பார்த்தோம்.
பில் போடுகிற பிள்ளையும் நின்றுதான் போட்டது.
உட்கார்ந்து சம்பளம் வாங்கியவர்கள் மூன்றே பேர்:
கல்லாவில் அண்ணாச்சி,
கணக்கறையில் சாமுவேல் சார்,
லிஃப்டுக்குள் நான்.
தகர முக்காலி. ஒரு கால் குட்டை.
பழைய பில்லை மடித்துக் கீழே சொருகியிருப்பேன்.

"மேலே போணும்ணே" என்று ஏறுவாள் பேச்சித்தாய்,
சேலைப் பிரிவு, கடையநல்லூர் பக்கம்.
மேலே அவளுக்கு ஒரு வேலையும் கிடையாது.
நான் எழுந்துகொள்வேன்.
ஏற நாற்பது விநாடி, இறங்க நாற்பது.
கெண்டைக்காலைப் பிடித்துவிட்டபடி
முகூர்த்தப் பட்டின் விலையெல்லாம் முணுமுணுப்பாள்.
கதவு திறக்கும்போது நின்றுகொண்டிருப்பாள்.

ஆடித் தள்ளுபடியில் இதற்கெல்லாம் நேரமில்லை.
தீபாவளிக்கு முந்தின ஞாயிறு மட்டும்
இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே
லிஃப்ட் பழுதாகி நிற்கும்.
உள்ளே ஏழெட்டுப் பிள்ளைகள், தரையில் கால் நீட்டி.
ஒவ்வொரு வருஷமும்.
மெக்கானிக் வந்து பார்த்து
"எல்லாம் சரியாத்தானே இருக்கு" என்பார்.

ஐந்தாவது மாடிக்குப் பொத்தான் கிடையாது.
சாவி என்னிடம்.
அங்கேதான் அறுபது பாய்கள், அறுபது டிரங்குப் பெட்டிகள்,
கம்பியில் காயும் ஒரே நிறத்து யூனிஃபார்ம்.
பிளானில் அப்படியொரு மாடியே இல்லையென்று
ஒருநாள் அதிகாரிகள் வந்து சீல் வைத்தார்கள்.
பேரிலேயே ஐகோர்ட்டை வைத்திருந்தவர்
ஐகோர்ட் வராந்தாவில்
சட்டைப்பையில் கைக்குட்டையைத் தேடிக்கொண்டு நின்றார்.
மாம்பலம் பிளாட்பாரத்தில்
பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார்கள் பிள்ளைகள்.
அத்தனை பேரும் உட்கார்ந்து
நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சீல் உடைந்தது. அண்ணாச்சி படமானார்.
மகன்கள் புரசைவாக்கம் போனார்கள், தாம்பரம் போனார்கள்,
போரூரில் ஏழு மாடி, அத்தனையும் கண்ணாடி.
விளம்பரத்தில் ஒரு நடிகை
தவமணி தவமணி என்று சுற்றிச் சுற்றி வந்தாள்,
அவளுக்கும் தெரியாது யாரென்று.

பிறகு வந்தது சட்டம்,
கடையில் நிற்பவர்களுக்கு இருக்கை தரவேண்டுமென்று.
போரூர் கிளையின் ஃபர்னிச்சர் தளத்திலிருந்தே
நாற்காலிகளை இறக்கினார்கள்,
பிளாஸ்டிக் உறையோடு.
பேச்சித்தாய் இப்போது சேலைத்தளத்துக்கு சூப்பர்வைசர்.
நுனியில் உட்கார்ந்தாள்.
கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை அவளுக்கு.
பட்டு பார்க்க வந்த அம்மாள் குனிந்து தடவிப் பார்த்து
"இது என்ன விலைம்மா?" என்றார்.
பழக்கம். எழுந்துவிட்டாள்.
விலை சொன்னாள். பில்லும் ஆகிவிட்டது.
சாயங்காலம் வேறொன்று வந்தது.
அதை நல்லியில்லாமல் யாரும் கேட்கவில்லை என்று சொல்ல ஆசைதான்,
வெள்ளிக்கிழமை அதுவும் போனது.

புது லிஃப்டுக்கு ஆள் வேண்டாம்.
ஒரு பெண்குரல் தளம் தளமாகச் சொல்கிறது,
தென்காசி வாடை துளியும் இல்லாமல்.
கணக்கு முடிக்கப் போனேன்.
பி.எஃப்., கிராஜுவிட்டி, பாக்கி லீவு.
கடைசி வரியில்
முக்காலி ஒன்று, திருப்பித் தரப்படவில்லை,
பிடித்தம் நாற்பது ரூபாய்.

சரிதான்.
என் வீட்டில்தான் இருக்கிறது.
மடித்த பில்லோடு.