மடக்காத கால்

ஐந்தடி பதினோரு அங்குலம்.
ஆதாரில் அது இல்லை,
பார்த்த எல்லோருக்கும் மட்டும் தெரியும்.
மஞ்சக்குப்பம் டவுன் பஸ்ஸில்
நான் கம்பியைப் பிடிப்பதில்லை.
கம்பி என்னைப் பிடிக்கும், நெற்றியில்.

முப்பத்து மூன்று வயதில் எல் போர்டு.
ரத்தப் பரிசோதனைக் கூடத்தில்
எதிர் மேஜைக்காரி தில்லைக்கரசி
"ஸ்கூட்டி எடுத்துக்க, சேலைக்கும் சரி சுடிதாருக்கும் சரி" என்றாள்.
அவளுடையதையே வாங்கி ஓட்டிப் பார்த்தேன்.
திருப்பும்போதெல்லாம் ஹேண்டில் முட்டியில் இடித்ததால்
நேராகவே போனேன்.
கெடிலம் பாலத்துக்கு அது போதும்.
பாலம் முடிகிற இடத்தில்தான் பிரச்சினை.

ஞாயிற்றுக்கிழமை முள்ளோடை தாண்டி
முதலியார்பேட்டை ஷோரூமுக்குப் போனோம்.
ஜெரால்டு என்று சட்டையில் குத்தியிருந்த பையன்
"வண்டி சாருக்கா?" என்றான்.
எங்களோடு எந்த சாரும் வரவில்லை.
அவன் கதவுப் பக்கம் கொஞ்ச நேரம் தேடினான்.

முதல் வண்டியில் உட்கார்ந்ததும்
ரகசியம் சொல்ல வந்ததுபோல
முட்டி இரண்டும் காதருகே ஏறின.
"சீட்டு தாழ்வு மேடம், புதுசா ஓட்டுறவங்களுக்கு இதான் பெஸ்ட்."
புதுசாக ஓட்டுகிறவர்கள் எல்லோரும்
குட்டையாகத்தான் இருப்பார்களென்று
யாரோ எங்கோ உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள்.

இரண்டாவது அழகு. முழுக் கறுப்பு.
ஸ்டாண்டைத் தள்ளி நிமிர்த்தியபோதுதான்
இருநூற்று நாற்பது கிலோ என்றால் என்னவென்று
இடுப்புக்குத் தெரிந்தது.
ஒரு விரற்கடை சாய்ந்தது, அவ்வளவுதான்.
ஜெரால்டு இரண்டு கையாலும் தாங்கினான்,
தில்லைக்கரசி கண்ணை மூடிக்கொண்டாள்.
உயரம் வேறு பலம் வேறு என்பதை
வீட்டில் யாரும் ஒப்புக்கொண்டதில்லை.
பரண்மேல் அண்டா என்றால்
என் பெயரைத்தான் கூப்பிடுவார்கள்.

மூன்றாவது மூலையில் கிடந்தது,
யாரோ முன்பணம் கட்டிவிட்டு வராமல் போனது.
சோதனைக் குழாயில்
அரை மணி நேரம் நின்ற ரத்தத்தின் நிறம்.
கால் வைக்கும் இடத்தைத் தேடினேன், கீழே இல்லை.
எஞ்சினுக்கு முன்னால் இருந்தது.
நீட்டினேன்.
இன்னும் கொஞ்சம் நீட்டு என்றது.

பள்ளி பெஞ்சும் பந்தி மேஜையும்
மாமியார் வீட்டுக் கட்டிலும்
மடக்கு மடக்கு என்றே சொல்லி வந்த கால் இது.
என்னை அறியாத எவனோ ஒரு தொழிற்சாலையில்
அதற்கு இடம் விட்டு வைத்திருக்கிறான்.
அழவில்லை.
ஏசி காற்று நேராகக் கண்ணில் பட்டது.

பக்கத்தில் வந்து நின்றாள் தில்லைக்கரசி.
ஒன்பது வருடமாக
அவள் வகிட்டைத்தான் பார்த்திருக்கிறேன்.
இப்போது முகம் எதிரே முகம்.
இடது கண்ணில் ஒரு பழுப்புப் புள்ளி இருக்கிறது அவளுக்கு.
"அடியே, நீ இப்படித்தான் இருப்பியா?" என்றாள்.

டெஸ்ட் ரைடுக்குப் பின்சீட்டில் ஜெரால்டு
வாய்க்குள் ஏதோ ஜெபித்துக்கொண்டே வந்தான்.
மரப்பாலம் சிக்னலில் மூன்று முறை நின்றுபோனது.
கிளட்ச் என் பேச்சைக் கேட்கவில்லை.
பின்னால் விழுப்புரம் பஸ் ஊர் கூட்டுவதுபோல் ஹாரன் அடித்தது.
ஆனால் இரண்டு பாதமும்
குதிகால்வரை தாரில் இருந்தன.
வண்டி சாயவில்லை.
நான்காவது முறை கிளம்பியது,
கொஞ்சம் துள்ளி, கோபித்துக்கொண்டு.

கடன் பேப்பர், காப்பீடு,
கடலூர் நம்பருக்குத் தனி அலைச்சல்.
பெட்ரோல் மட்டும் இந்தப் பக்கமே போட்டுக்கலாம்,
நாலு காசு மிச்சம் என்றாள் தில்லைக்கரசி.

பதினெட்டாம் தேதி தருவார்களாம்.
அதுவரை பஸ்தான், கம்பிதான், நெற்றிதான்.
திரும்பி வரும்போது ஜன்னலோரம் இடம் கிடைத்தது.
காலைச் சும்மா நீட்டிப் பார்த்தேன்.
முன்சீட்டுக்காரர்
செருப்பைத் தேட ஆரம்பித்தார்.